மூன்றே கால்

தணிசந்திராவில் ஒரு மழலையர் பள்ளி.
மஞ்சள் சுவர், பதினெட்டு அடி.
முயல் ஒன்றுக்கு எண்ணூறு,
கேரட்டும் சேர்த்தால் ஆயிரம்
என்று பேசி முடித்திருந்தார் ஷைலஜா மேடம்.

வெள்ளை முயல் எனக்குக் கைப்பழக்கம்.
இரண்டு முட்டை, இரண்டு வாழையிலை நுனி,
நடுவில் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி மூக்கு.
பாணஸ்வாடியில் ஒன்பது, ஹொரமாவில் நான்கு,
ஒரு பல் ஆஸ்பத்திரியில்
சிரிக்கிற முயல்,
பல்லுக்கு மட்டும் எனாமல் பெயின்ட்.
எதையும் பார்த்து வரைந்ததில்லை.
முயலைப் பார்த்தா முயல் வரைவார்கள்?

மாடிப்படிக்குக் கீழே, கூண்டில்
நிஜமாகவே ஒன்று இருந்தது.
ரஸல் மார்க்கெட்டில் ஜோடியாக வாங்கியது.
ஜோடி, தீபாவளி வெடிச் சத்தத்தில் போய்விட்டது.
மிச்சத்தின் பெயர் ரவா.
பிள்ளைகள் கம்பி வழியே பிஸ்கட் நீட்டுவார்கள்.
தின்னாது. பின்காலால் ஒரேயொரு முறை தட்டும்.
தகரத் தட்டு. டம்.
யாருக்கு அந்தத் தந்தி என்று
நான் யோசித்ததில்லை. தூரிகை கழுவ
அந்தக் குழாய்க்குத்தான் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹெசரகட்டா பக்கம்
ஒரு பண்ணை கேட்டில் பெயர் எழுதிவிட்டு
ஸ்கூட்டரில் திரும்பினேன்.
காலடியில் டர்பன்டைன் டப்பா ஆடிக்கொண்டு வந்தது.
இரண்டு பக்கமும் புல். பத்து மணி இருக்கும்.
பாதையோரம் மண்ணாங்கட்டி ஒன்று
காதை நிமிர்த்தியது.

எதிரே தூரத்தில் ஒரு லாரி திரும்ப
வெளிச்சம் அந்தக் காதுகளுக்குள் புகுந்து வந்தது.
நரம்பு தெரிந்தது. ஒரு காதில் கிழிசல்.
உடம்பெல்லாம் காய்ந்த புல்லின் நிறம்,
பிடரியில் மட்டும் கறுப்பு,
வேலை முடிந்து யாரோ கை துடைத்ததுபோல.
விலா ஏறி இறங்கியது.
கண், தலையின் ஓரத்தில்;
என்னையும்
எனக்குப் பின்னால் வரக்கூடியதையும்
சேர்த்தே பார்த்தது.
பஞ்சு இல்லை. முட்டை இல்லை.
ஓடுவதற்கென்றே மடித்துவைத்த ஒன்று.

மடிப்பு பிரிந்தது. அவ்வளவுதான்.

இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன்.
மேலே நிலா இருந்தது,
அதிலும் ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள்.
நான் அண்ணாந்து பார்க்கவில்லை.
புல் அழுந்தி, ஒரு சோற்றுத் தட்டு அளவுக்குப் பள்ளம்.
கையை வைத்தேன்.
சூடு.

திங்கள் காலை சுவரில் அதை வரைந்தேன்.
காவியில் கொஞ்சம் கறுப்பு, மஞ்சள் ஒரு துளி,
உலர்ந்த தூரிகையால் ரோமம்.
பின்னங்கால் நீளம்; நீட்டிக்கொண்டே போனேன்,
குறுக்கே சுவிட்ச் பெட்டி.
நான்காவது கால் அதற்கு அடியில் போய்விட்டது.

மேடம் வந்தார். இது என்ன, நரியா?
முறைக்கிறது. பிள்ளைகள் அழும்.
பெற்றோர் என்னைக் கேட்பார்கள்.
வெள்ளையடியுங்கள், கொஞ்சம் சிரிக்கவையுங்கள்.
அப்புறம், இன்னொரு கால் எங்கே?

கரன்ட்டுக்குள் இருக்கிறது மேடம் என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு
கன்னடத்தில் கேட்டார்:
நீ பிடித்த மொலத்துக்கு மூன்றே காலா?
எங்கள் பழமொழி என்று நினைத்திருந்தேன்.
அதற்கு இங்கேயும் ஒரு வீடு இருக்கிறது,
வாடகை பாக்கியில்லாமல்.

கூண்டைக் கழுவ வந்த ரத்னம்மா
ரவாவைத் தரையில் விட்டிருந்தாள்.
அது வழுக்கி வழுக்கி வந்து
சுவருக்கு முன் நின்றது.
பெயின்ட் நாற்றமாக இருக்கலாம்.
மூக்கு நின்றது. காது இரண்டும் நின்றன.
பின்காலால் தட்டியது.
சிமென்ட் தரை, டம் என்று கேட்கவில்லை.
மறுபடி தட்டியது.
சுஹாஸ் என்ற பொடியன் மட்டும்
தானும் காலால் தட்டிவிட்டு
பிஸ்கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மத்தியானம் வெள்ளையடித்தேன், இரண்டு கோட்டிங்.
சிரிப்பு வைத்தேன், சின்னதாக.
பிடரிக்கு வரும்போது தூரிகை காய்ந்துவிட்டது
என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறேன்.
மூன்று கால் அப்படியே.

எண்ணூறு கொடுத்தார்.
கேரட் வரையவில்லை.